கருங்கல் தடுப்புச்சுவர் கட்டினால் எங்கள் கடற்கரை தப்புமா?

கடல் அரிப்பால் வீடுகளை இழந்துவரும் உங்கள் மீனவ ஊரில் கருங்கல் சுவர் கேட்டு மனு கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சுவருக்குப் பின்னால் இருக்கும் நிலம் தப்பும். முன்னால் இருக்கும் மணல் தப்பாது. நான் புதுச்சேரியில் வளர்ந்தவன். எங்கள் கடற்கரைச் சாலையோரக் கற்களின் மேல் உட்கார்ந்துதான் கடல் பார்த்தோம். கால் நனைக்க மணல் இருந்ததில்லை.

இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதில் ஒரு பங்குதான் தெற்கே திரும்புகிறது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டப்பட்ட அலைதடுப்புகள் அந்த ஓட்டத்தை மறித்ததால், தெற்கே மணல் குவிய, வடக்கே நகரத்தின் கரை கரைந்தது. அதன் பிறகே கல் மேல் கல்லாகக் கொட்டப்பட்டது. 2004 ஆழிப்பேரலையில் நகரின் மையப்பகுதி தப்பியதில் அந்தக் கற்களுக்கும் பங்குண்டு என்பதை மறுக்க மாட்டேன்.

ஆனால் மணற்சரிவில் ஏறும் அலை மெல்ல வலுவிழந்து திரும்பும். சுவரில் மோதும் அலையோ அடிவார மணலைப் பறித்துக்கொண்டு திரும்பும். அதனால் கற்களே புதைந்து சரிய, மறுபடியும் லாரிகளில் கல் வர வேண்டியிருக்கும். சுவர் முடியும் இடத்தில் அரிப்பு இன்னும் கடுமை. தந்திராயன்குப்பம் பக்கம் ஒருமுறை நடந்தபோது, கடைசிக் கல்லைத் தாண்டியதும் கரை அரிவாளால் வெட்டியதுபோல் நின்றது. தென்னையின் வேர்கள் காற்றில் தொங்கின. படகை இழுத்துப் போட இடமில்லாமல் இருவர் அதை வீட்டுச் சுவரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று வடக்கே உள்ள ஊர்களும் இதே பாதிப்பைச் சுமக்கின்றன.

பின்னர் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் ஆப்பு வடிவ எஃகு அமைப்பு வைக்கப்பட்டது. அலையின் வேகம் குறைந்து, பல ஆண்டுகளுக்குப் பின் அங்கே மணல் திரும்பியதைக் கண்ணால் பார்த்தேன்.

வீடுகள் விளிம்பில் இருந்தால் கல் தேவைப்படலாம். அந்த அவசரம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் மனுவில் இரண்டைச் சேருங்கள்: உங்கள் மணலை மறிப்பது எது என்று ஆய்வு செய்து, தேங்கிய மணலைத் தடையின் மறுபக்கம் கொண்டுவந்து கொட்ட வேண்டும், கற்கள் முடியும் இடத்தை அடுத்த குப்பத்து மக்களையும் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும்.