‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்றால் சுகர் ஏறாதா?

கேள்வி: கணவருக்குச் சர்க்கரை நோய். ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று போட்டிருந்ததை நம்பி, மசாலா தடவிய சிக்கன் பாக்கெட் வாங்கினேன். அதை மட்டும்தான் சாப்பிட்டார். 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால் சுகர் நன்றாக ஏறியிருந்தது. கடையில் புகார் செய்யலாமா? வீட்டில் எப்படிச் சமைப்பது?

பதில்: கோழி இறைச்சியில் மாவுச்சத்து இல்லையென்றே சொல்லலாம். மேலே தடவியதில்தான் இருந்திருக்கும். பாக்கெட்டைத் தூக்கிப் போடவில்லையென்றால் பின்பக்கம் பாருங்கள். சோளமாவு, மைதா, மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் பொடி) என்று ஏதாவது தென்படும். மால்டோடெக்ஸ்ட்ரின் சர்க்கரைக் கணக்கில் வராது. ஆனால் குளுக்கோஸ் போலவே மளமளவென்று ஏற்றிவிடும். அதனால் பாக்கெட்டில் உள்ள சத்து அட்டவணையில் ‘சர்க்கரை’ வரியோடு நிற்காமல் ‘மொத்த கார்போஹைட்ரேட்’ வரியைப் பாருங்கள். அந்த அளவு 100 கிராமுக்கா, ஒரு வேளைக்கா, முழு பாக்கெட்டுக்கா என்பதும் முக்கியம்.

மாவு மட்டும்தான் காரணமென்றால் புகார் நிற்காது, அவர்கள் எழுதியது பொய்யில்லை. டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸின் இன்னொரு பெயர்), தேன், வெல்லம் என்று இருந்தால் விடாதீர்கள். பில்லும் பாக்கெட்டும் கையில் இருக்கட்டும். சேர்மானத்தில் தண்ணீரும், அதை இறைச்சிக்குள் பிடித்துவைக்கும் பாஸ்பேட் உப்பும் இருந்தால் உப்புநீர் ஏற்றிய இறைச்சி. கோழி விலையில் தண்ணீர் வாங்குகிறீர்கள், உப்பும் கூடுகிறது.

அடுத்த முறை எதுவும் தடவாத, தோல் நீக்கிய தொடைக்கறி அரைக் கிலோ வாங்குங்கள். கழுவ வேண்டாம், தெறிக்கும் நீரில் கிருமி பரவும். ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, இனிப்பில்லாத கெட்டித் தயிர் 4 ஸ்பூன், இஞ்சி பூண்டு விழுது, மிளகுத்தூள், மஞ்சள்தூள், அளவாக உப்பு பிசறி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வாணலி நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் விட்டு, துண்டுகளை இடைவெளி விட்டுப் பரப்புங்கள். நெருக்கினால் தண்ணீர் விட்டுக்கொண்டு வெந்துவிடும், சிவக்காது. ஒரு பக்கம் சிவந்து தானாகக் கிளம்பி வரும்வரை கிளறவே கூடாது. பிறகு திருப்பி, தீயைக் குறைத்து, உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வரும்வரை வேகவிடுங்கள்.

குழம்பாக வேண்டுமென்றால் ஒரு மேசைக்கரண்டி சோளமாவுக்குப் பதில் 10 பாதாம் அரைத்து விடுங்கள். சோளமாவில் சுமார் 7 கிராம் மாவுச்சத்து, பாதாமில் 3 கிராமுக்கும் குறைவு. கெட்டியும் ருசியும் பாதாமில்தான் அதிகம், என்னைக் கேட்டால்.

இதைக் கட்டாயம் கவனியுங்கள்: அவர் இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், மாவுச்சத்தைக் குறைத்துவிட்டு மருந்தை வழக்கமான அளவில் எடுக்கும்போது சுகர் அபாயமாக இறங்கிவிடலாம். முதல் முறை சமைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் அளவைக் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறும் இருந்தால் எத்தனை துண்டு சாப்பிடலாம் என்பதையும் மருத்துவரே சொல்லட்டும்.