சளி மாத்திரைக்கு ஏன் அடையாள அட்டை?

மருந்தாளரிடம் கேளுங்கள்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: அக்கா, போன வாரம் என் கணவருக்கும் மாமியாருக்கும் ஒரே நேரத்தில் சளி. பக்கத்துக் கடைத்தொகுதி மருந்தகத்தில் மூக்கடைப்பு மாத்திரை இரண்டு பெட்டி கேட்டேன். மருந்தாளர் அடையாள அட்டையை வாங்கி எண்ணைப் பதிந்துகொண்டு, ஒரு பெட்டிதான் தர முடியும் என்றார். யாருக்கு, என்ன வயது, பிரஷர் உண்டா என்று பின்னால் ஆட்கள் நிற்கும்போதே கேட்டார். மாமியார் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்தான், அதற்கும் சளிக்கும் என்ன சம்பந்தம்? பனடோல் வாங்குகிறவரை யாரும் இப்படிக் கேட்பதில்லையே. எனக்கு அவமானமாகிவிட்டது. (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: ஆட்கள் காதில் விழும்படி உங்களைக் கேட்டது தவறு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மாத்திரை.

நீங்கள் வாங்கியதில் இருப்பது சூடோஎஃபெட்ரின். மூக்கினுள் வீங்கிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி மூச்சு விட வழி செய்யும். பெட்டியில் மருந்துப் பெயருக்குப் பின்னால் 'டி' என்ற எழுத்து நின்றால் பெரும்பாலும் இதுதான். தெருவில் 'ஐஸ்' என்று விற்கும் மெத்தம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருளுக்கும் இதற்கும் மூலக்கூறில் உள்ள வித்தியாசம் ஒரே ஓர் ஆக்சிஜன் அணு. பனடோலுக்கு இல்லாத கேள்வி இதற்கு வருவது அதனால்தான். போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான 1988ஆம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தம், எஃபெட்ரினையும் சூடோஎஃபெட்ரினையும் கண்காணிக்க வேண்டிய மூலப்பொருள்களாகப் பட்டியலிட்டிருக்கிறது. இங்கே சிங்கப்பூரில் கடையில் இதை மருந்தாளர்தான் விற்கலாம், விற்றதைப் பதிந்தும் வைக்க வேண்டும். இரவில் மருந்தாளர் கிளம்பிய பிறகு கடை திறந்திருந்தாலும் இந்த மாத்திரை கிடைக்காது, கவனித்திருப்பீர்கள்.

இந்தக் கெடுபிடி வலுத்தது அமெரிக்காவில். அங்கே வீட்டுச் சமையலறையிலும் விடுதி அறையிலும் சளி மாத்திரையை வைத்தே ஐஸ் தயாரித்தார்கள். தீ விபத்துகள் நடந்தன, அதே வீடுகளில் குழந்தைகளும் இருந்தார்கள். 2004இல் ஒக்லஹோமா மாநிலம் மாத்திரையைக் கவுன்டருக்குப் பின்னால் கொண்டுபோனது. 2006இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது: ஒருவருக்கு ஒரு நாளில் 3.6 கிராம், 30 நாளில் 9 கிராம், அடையாள அட்டை, கையெழுத்து. பெரியவர் ஒருவர் ஒரு நாளில் எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச அளவு 240 மில்லிகிராம். மாதம் முழுக்க விடாமல் சாப்பிட்டாலும் 7.2 கிராம்தான் ஆகும். ஆகவே நோயாளிக்கு அந்த வரம்பு இடிக்காது. உங்களைப் போல வீட்டில் இரண்டு பேருக்குச் சேர்த்து வாங்குகிறவருக்குத்தான் இடிக்கும். அந்த வருத்தம் நியாயமானது.

இதனால் ஐஸ் ஒழிந்ததா என்றால், இல்லை. சமையலறைத் தயாரிப்பு குறைந்தது. ஆனால் ஆளுக்கு ஒரு பெட்டியாகக் கடை கடையாக வாங்கிச் சேர்க்கும் கூட்டங்கள் முளைத்தன. பிறகு மெக்சிகோவின் பெரிய கூடங்கள், சளி மாத்திரையே தேவைப்படாத வேறு வழிக்கு மாறிவிட்டன. ஓரிகன் மாநிலம் 2006இல் மருத்துவர் சீட்டைக் கட்டாயமாக்கி, 2022இல் அதைக் கைவிட்டது. நியூசிலாந்து 2011இல் சீட்டு கேட்டது, 2024இல் மறுபடி மருந்தகத்துக்கே விட்டது. என்னைக் கேட்டால், சீட்டு கட்டாயம் என்பது ஏழைக்குச் செய்யும் அநியாயம். ஒரு மூக்கடைப்புக்கு மருத்துவருக்கும் பணம் கட்டி, அரை நாள் சம்பளத்தையும் அவர் இழக்க வேண்டுமா? மருந்தாளரின் பதிவேடு போதும். நம் வட்டாரத்துக்கு வரும் ஐஸில் பெரும்பகுதி மியன்மாரின் ஷான் மாநிலப் பக்கத்திலிருந்து வருகிறது, தெம்பனிஸில் வாங்கும் ஒரு பெட்டியிலிருந்து அல்ல. என்றாலும் சரக்குக் கப்பல் வந்துபோகும் ஊர் இது. மூலப்பொருள் மொத்தமாகக் கைமாறினால் யாருக்குப் போகிறது என்று இங்கே பார்க்காவிட்டால் வேறெங்கே பார்ப்பார்கள்? 250 கிராமுக்கு மேல் ஐஸ் கடத்தினால் மரண தண்டனை விதிக்கும் நாட்டில், அதன் மூலப்பொருளைக் கணக்கில்லாமல் விற்க முடியாது.

இப்போது உங்கள் மாமியார். சூடோஎஃபெட்ரின் மூக்கில் மட்டும் குழாய்களைச் சுருக்குவதில்லை, உடம்பெங்கும் சுருக்கும். இரத்த அழுத்தம் ஏறும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் போகும். அழுத்தம் கட்டுக்குள் வராதவர்களும் கடுமையான சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இதை எடுக்கவே கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2024இல் சொல்லியிருக்கிறது. அந்த மருந்தாளர் இரண்டாவது பெட்டியைக் கொடுத்திருந்தால் அது யாருக்குப் போயிருக்கும்? தயவுசெய்து முதல் பெட்டியையும் அவருக்குக் கொடுக்காதீர்கள். உப்புநீர் ஸ்பிரே வாங்கிக் கொடுங்கள், மருத்துவரையும் ஒரு முறை கேளுங்கள்.

ஆனால் எப்படிக் கேட்பது என்பதும் எங்கள் வேலைதான். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் நான் நின்ற கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கட்டுமான வேலை செய்யும் தம்பி ஒருவர் வந்தார். மூக்கு சிவந்து, கண்ணில் நீர். எடுத்த எடுப்பில் "வொர்க் பெர்மிட் கார்டு கொடுங்கள்" என்றேன். கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனவர், "வேண்டாம்கா, பரவாயில்லை" என்று திரும்பிவிட்டார். முதலாளிக்குத் தகவல் போகும் என்று பயந்திருக்கிறார் என்பது அவர் தெருவைக் கடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து கார்டு கேட்பதற்கு முன்னால் தமிழில் சொல்வேன்: "தம்பி, இந்த மருந்து யார் வாங்கினாலும் எழுதிவைக்கணும். உங்க கம்பெனிக்கு நாங்க சொல்ல மாட்டோம்." சொல்ல எத்தனை நொடி ஆகும்? அந்த முதல் தம்பியிடம் அதைச் சொல்லியிருக்கலாமே என்று இன்றும் வருந்துகிறேன். உங்களையும் ஓரமாக அழைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: வெளி அலமாரியிலேயே ஃபினைலெஃப்ரின் கலந்த சளி மாத்திரை இருக்கிறதே, யாரும் அட்டை கேட்பதில்லை. அதுவே போதாதா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: போதாது. சூடோஎஃபெட்ரின் கவுன்டருக்குப் பின்னால் போனதால் அந்த இடத்துக்கு வந்தது அது. வாய்வழி விழுங்கினால் குடலிலும் கல்லீரலிலும் பெரும்பகுதி சிதைந்து, மூக்குக்குப் போய்ச் சேருவது சொற்பம். 2023 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுவில் 16 பேரும் ஒருமனதாக, மாத்திரையாக இது மூக்கடைப்புக்குப் பலனளிப்பதற்குச் சான்றில்லை என்றார்கள். அதோடு சேர்ந்திருக்கும் பாரசிட்டமால் தலைவலியைக் குறைக்கும், அந்த ஆறுதல் உண்மைதான். அடைப்புக்கு ஆக்ஸிமெட்டசோலின் ஸ்பிரே நன்றாகக் கேட்கும், ஆனால் நாலைந்து நாளுக்கு மேல் அடித்தால் அடைப்பு திரும்பி வந்து இன்னும் படுத்தும்.

கேள்வி: ஊரிலிருந்து வரும் மகன் சளி, இருமல் மருந்து வாங்கிவரலாமா? (வாசகி, ஈசூன்)

பதில்: சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை பொதுவாகக் கொண்டுவரலாம். இருமல் மருந்துப் புட்டியில் 'கொடைன்' (அபின் வகை மருந்து) என்று இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வரட்டும், அல்லது விமானம் ஏறும் முன்பே சுகாதார அறிவியல் ஆணையத்திடம் கேட்டுக்கொள்ளட்டும். மருந்தை அதன் பெட்டியோடும் மருத்துவர் சீட்டோடும் எடுத்துவரச் சொல்லுங்கள். மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் கொட்டிக்கொண்டு வர வேண்டாம்.