குண்டு எலிகள் மயக்கம் தெளியாமல் போவது
கொழுப்புத் தீனி தின்ற எலிகளுக்கு ஈறு நோய் வரவைக்கக் கடைவாய்ப் பல்லில் பட்டு நூல் கட்டினீர்கள். அதற்குக் கொடுத்த மயக்கத்திலிருந்து சில எழவே இல்லை, மற்றவற்றுக்கு ரத்தச் சர்க்கரை எகிறியது என்கிறீர்கள். நீங்கள் போட்டது கெட்டமின், சைலசின் கலந்த மயக்க ஊசி என்றால் சர்க்கரைக்குச் சைலசின்தான் காரணமாக இருக்கும். அது இன்சுலின் சுரப்பை அடக்கும். பருமன் ஆய்வில் மயக்கத்தில் பார்த்த அந்தச் சர்க்கரை அளவை எடுத்துக்கொள்ளவே கூடாது. மயக்கம் கொடுக்காத நாளில் வால் நுனி ரத்தத்தில் பாருங்கள்.

மயக்க மருந்தைக் கொழுப்பும் சேர்ந்த மொத்த எடைக்குக் கணக்கிட்டால் குண்டு எலிக்கு மருந்து கூடி, மூச்சு அடங்கும். ஐசோஃப்ளூரேன் (மூச்சில் இழுக்க வைக்கும் மயக்க மருந்து) வசதி இருந்தால் மாறுங்கள், சீக்கிரம் தெளியும். உங்கள் சேலத்து வெயிலை நம்பி வெப்ப மெத்தையை விட்டுவிடாதீர்கள். ஏசி அறையில் மயங்கிய எலி சட்டென்று குளிர்ந்துவிடும், பாவம். கண் திறந்தே கிடந்து உலரும், கண் களிம்பு தடவுங்கள்.

அப்புறம், நூல் கட்டாத எலிகளுக்கும் அதே மயக்கம் கொடுத்தீர்களா? இல்லையென்றால் ஒப்பீடே நிற்காது. மருந்தை மாற்றுமுன் கால்நடை மருத்துவரிடமும் விலங்கு நெறிமுறைக் குழுவிடமும் பேசிவிடுங்கள்.