முகத்தைத் திருப்பிக்கொண்ட பெண்

கேள்வி: ஊட்டிக்குப் போனபோது தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான ஒரு மந்துக்கும் போனோம். பூத்துக்குளிப் போர்வையில் பூவேலை செய்துகொண்டிருந்த பெண்ணிடம், "உங்கள்ல ஒருத்திக்குப் பல கணவராமே?" என்று கேட்டேன். பதில் இல்லை. காதில் விழவில்லையோ என்று இன்னொரு தரம் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவங்க என்ன காட்சிப்பொருளா?" என்று தோழி திட்டினாள். அம்மாவோ, "அடுத்தவங்க வழக்கம் உனக்கெதுக்கு?" என்கிறார். தெரிந்துகொள்ள ஆசைப்படுவது தப்பா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: ஆசைப்பட்டது தப்பில்லை அம்மா. உங்கள் அம்மா சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அடுத்தவர் வாசலை மிதிக்காதவர்கள்தான் அவர்களைப் பற்றி ஆயிரம் கதை கட்டுகிறார்கள். ஆனால் தோழியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த கையோடு, "உங்க தாத்தாவுக்கு எத்தனை சம்சாரம்?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? இத்தனைக்கும் நம் ஊர்களில் இரண்டு தாரம் அதிசயமாக இருந்ததில்லை. தோடர்களில் அண்ணன் தம்பிகள் ஒரே பெண்ணை மணந்த காலம் உண்டு, அது பழங்கதையாகிவிட்டது. அவர்களைப் பற்றி நாம் கேள்விப்பட்டதே அந்த ஒன்றுதான் என்றால், குறை யாருடையது?

1901-ல் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் நீலகிரிக்கு வந்தார். மாதக்கணக்கில் தங்கி, தோடர்களின் எருமைப் பால் கோயில் சடங்குகள் வரை துருவித் துருவிக் கேட்டார். விவரம் சொன்னவர்களில் ஒருவர் நோயில் விழுந்தார், இன்னொருவரின் மனைவி இறந்துபோனார். அந்நியனிடம் ரகசியத்தைச் சொன்னதால் வந்த தெய்வக் குற்றம் என்று குறி சொன்னார்கள். அப்புறம் பலர் வாய் திறக்கவில்லை. இதை அவரே எழுதியிருக்கிறார். தெய்வக் குற்றமோ இல்லையோ, பயமும் துக்கமும் அவர்களுக்கு. 1906-ல் வந்த தடித்த புத்தகம் இவருக்கு.

நீங்கள் ரிவர்ஸ் இல்லை, சரி. முதல் தரம் கேட்டது அறியாமை, விட்டுவிடலாம். எனக்கு உறுத்துவது அந்த இரண்டாவது தரம்தான். அவருக்குக் காது நன்றாகவே கேட்டிருக்கும்.

அடுத்த முறை போனால் கையில் இருந்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். அந்தப் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைத் துணியில் மாதிரி எதுவும் வரையாமல், இழைகளை எண்ணி எண்ணியே கறுப்பும் சிவப்புமாகத் தைக்கிறார்கள். எண்ணிக்கொண்டிருக்கும்போது மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள், கணக்கு தப்பிவிடும்.