ஏ, பி, சி-யைப் புள்ளியாக்க ‘கோட்’ சரிவராது

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு வகுப்பாசிரியை கேட்கிறார்: பதினோராம் தரத்தில் 38 பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் 9 பாடம். தவணைப் பெறுபேறு எக்செலில் ஏ, பி, சி, எஸ், டபிள்யூ என்றே கிடக்கிறது. ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2, எஸ்-க்கு 1, டபிள்யூ-க்கு 0 என மாற்றி ஆளுக்கொரு மொத்தம் வேண்டும். எக்செலின் ‘கோட்’ சூத்திரம் போட்டால் 65, 66 என்று வருகிறது. என்ன பிழை?

பிழை உங்களுடையதல்ல. கணினி அந்த எழுத்துக்கு வைத்திருக்கும் இலக்கத்தைத்தான் ‘கோட்’ தரும். பெரிய ஏ 65, சின்ன ஏ 97. அதிலிருந்து 64-ஐக் கழித்தால் முதல் மூன்றும் 1, 2, 3 என்று அழகாக வரும். எஸ் வந்ததும் 19, டபிள்யூவுக்கு 23. சித்தியடையாத பிள்ளைக்குத்தான் கூடிய புள்ளி!

எந்த எழுத்துக்கு எத்தனை என்பது நீங்கள் வைத்த கணக்கு. அதை எக்செலுக்கு ஒரு சின்ன அட்டவணையாகச் சொல்லிக் கொடுங்கள். எக்ஸ்2 முதல் எக்ஸ்6 வரை ஐந்து எழுத்தையும், பக்கத்தில் வை2 முதல் வை6 வரை அவற்றின் புள்ளியையும் எழுதுங்கள். பாடங்கள் சி முதல் கே வரையான நிரல்களில் இருந்தால், எல்2-இல் இதைப் போடுங்கள் (பெயர்களையும் கட்டங்களையும் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்):

=சம்புரொடக்ட்(கவுண்டிஃப்(சி2:கே2,$எக்ஸ்$2:$எக்ஸ்$6),$வை$2:$வை$6)

‘கவுண்டிஃப்’ ஒவ்வொரு எழுத்தும் எத்தனை தரம் வந்தது என்று எண்ணும், ‘சம்புரொடக்ட்’ அதைப் புள்ளியால் பெருக்கிக் கூட்டும். எல்2-இன் வலது கீழ் மூலையை இரண்டு தரம் கிளிக் செய்தால் 38 பேருக்கும் இறங்கிவிடும். டொலர் குறியை விட்டால் ஒவ்வொரு வரியிலும் அட்டவணை ஒரு கட்டம் கீழே நழுவி, மொத்தம் பிழைக்கும். பழைய 2007 எக்செலிலும் இது வேலை செய்யும்.

அட்டவணையில் தேடி எடுத்துத் தரும் ‘விலுக்கப்’ போடச் சொல்பவர்களும் உண்டு. போடலாம், ஆனால் கடைசியில் ‘ஃபால்ஸ்’ கட்டாயம். அதை விட்டால் எக்செல் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். அட்டவணை அகரவரிசையில் இருந்தால், பரீட்சைக்கே வராத பிள்ளைக்கு நீங்கள் இட்ட ‘ஏபி’, ஏ-க்கும் பி-க்கும் நடுவில் விழுந்து 4 புள்ளி வாங்கிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது.

எம்2-இல் ஒரு சோதனையும் வையுங்கள்: =சம்புரொடக்ட்(கவுண்டிஃப்(சி2:கே2,$எக்ஸ்$2:$எக்ஸ்$6)). விடை 9 வரவேண்டும். 8 என்றால் ஒரு கட்டம் எண்ணப்படவில்லை. அந்தப் பிள்ளை வராதிருக்கலாம். அநேகமாக எழுத்துக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கும். கட்டத்தில் எத்தனை எழுத்து என்று எண்ணும் ‘லென்’ போட்டுப் பாருங்கள், 1-க்குப் பதில் 2 வரும். சி முதல் கே வரை மட்டும் தெரிவுசெய்து, கன்ட்ரோல் எச் அழுத்தி, தேடும் பெட்டியில் ஓர் இடைவெளியும் மாற்றும் பெட்டியில் ஒன்றுமில்லாமலும் கொடுங்கள். முழுத் தாளையும் தெரிவுசெய்தால் பிள்ளைகளின் பெயர்கள் முதலெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். இணையத்திலிருந்து ஒட்டிய தாள் என்றால் அந்த இடைவெளி வேறு வகை, இலக்கம் 160. தேடும் பெட்டியில் ஆல்ட்டை அழுத்தியபடி எண்பலகையில் 0160 தட்டினால் அது அகப்படும்.

எங்கள் பக்கத்துப் பாடசாலைத் தாள்களில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு இன்னும் ஓயவில்லை. பெறுபேறு இருக்கவேண்டிய இடத்தில் ‘யு’, ‘டீ’, ‘ஊ’ என்று தெரிந்தால் பயப்படாதீர்கள். உள்ளே இருப்பது ஆங்கில ஏ, பி, சி-தான், மேலே பாமினி போர்த்தியிருக்கிறது. எழுத்துருவை மாற்றாமலே சூத்திரம் சரியாக எண்ணும். யூனிகோடில் தமிழ் ‘ஏ’ என்று தட்டியிருந்தால் கதை வேறு: அது தனி எழுத்து, ஆங்கில ஏ-யோடு பொருந்தாது. எக்ஸ்7-இல் அந்த ‘ஏ’-யையும் வை7-இல் 4-ஐயும் சேர்த்து, இரண்டு சூத்திரத்திலும் 6-ஐ 7 ஆக்குங்கள்.