ஷார்த்ரின் வெள்ளைச் சுவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஷார்த்ர் பேராலயத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பாரிஸில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு நாள் ஒதுக்கி அங்கே போனோம். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். எண்ணூறு ஆண்டுக் கோயில் என்கிறார்கள். உள்ளே நுழைந்தால் போன வாரம் வெள்ளையடித்த கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. பழமையின் வாசனையே இல்லை. இரண்டு கோபுரங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. தரையில் இருக்கும் புகழ்பெற்ற சுழல்பாதையின் மேல் நாற்காலிகளைப் போட்டு மூடியிருந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் முந்நூறு படங்கள் எடுத்தேன், ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. கோயிலைத் தவிர ஊரிலும் பெரிதாக ஒன்றுமில்லை.

என் மனைவிக்கு முழங்கால் வலி. போனதிலிருந்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது, "அந்தச் சிவப்பு வெளிச்சம் இந்தத் தூணுக்கு வந்துடுச்சு, பாத்தீங்களா?" என்றாள். அவளுக்கு மட்டும் பிடித்திருந்தது.

வரும் மே மாதம் மறுபடி போகிறோம். மனைவி ஷார்த்ருக்கே போகலாம் என்கிறாள். எனக்கு ரூவான் நகரைப் பார்க்க ஆசை. எது சரி?

க., திருச்சி

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது இந்தச் சுவர் விவகாரத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோபுரங்கள் ஏன் பொருந்த வேண்டும்? தெற்கில் இருப்பது 12ஆம் நூற்றாண்டுக் கோபுரம், 105 மீட்டர். வடக்கில் இருந்த மரமுனை 1506இல் இடி விழுந்து எரிந்துபோனது. அதற்குப் பதிலாக ழான் த போஸ் என்ற கட்டடக் கலைஞர் கல்லில் இழைத்து எழுப்பியதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். இடையில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. சுழல்பாதையைப் பொதுவாகத் தவக்காலத்திலிருந்து அக்டோபர் வரை வெள்ளிக்கிழமைகளில் நாற்காலிகளை ஒதுக்கித் திறந்துவிடுவார்கள். போகும் முன் மகளிடம் சொல்லி விசாரித்திருக்கலாம். படங்களைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. முந்நூறு படம் எடுத்தவருக்குப் பார்க்க நேரம் எங்கே இருந்திருக்கும்?

வெள்ளையடித்த மண்டபம் என்றீர்களே, அதற்கு வருகிறேன்.

1194 ஜூனில் பழைய கோயில் எரிந்தது. மேற்கு முகப்பும் நிலவறையும் மிஞ்சின. அங்கே போற்றிவந்த மரியன்னையின் ஆடையும் போய்விட்டது என்று ஊரே அழுதது. மூன்றாம் நாள் அதை நிலவறையிலிருந்து பத்திரமாக வெளியே கொண்டுவந்தார்கள் என்று சொல்வார்கள். அந்த வேகத்தில் இன்றைய பேராலயத்தின் பெரும்பகுதியை முப்பது ஆண்டுகளுக்குள் எழுப்பிவிட்டார்கள். கல், பக்கத்திலுள்ள பெர்ஷேர் சுரங்கத்துச் சுண்ணாம்புக்கல். உறுதியானது, ஆனால் சொரசொரப்பானது. அதை அப்படியே விட்டுவிட அந்தக் கொத்தர்களுக்கு மனமில்லை. உட்சுவர் முழுக்க இளமஞ்சள் பூச்சு பூசி, அதன்மேல் வெள்ளைக் கோடுகள் இழுத்தார்கள். நீங்கள் இன்றைக்குப் பார்த்த நிறம் அதுதான். 2009இல் பிரெஞ்சு அரசு தொடங்கிய சீரமைப்பில், கரிக்கு அடியில் 13ஆம் நூற்றாண்டுப் பூச்சு பெருமளவு அப்படியே இருப்பதைக் கண்டார்கள். அதைத் துலக்கினார்கள், உதிர்ந்துபோன இடங்களில் மட்டும் அதைப் பார்த்துப் பூசினார்கள்.

அப்படியென்றால் முன்பு அங்கே இருந்த கறுப்பு என்ன? மெழுகுவத்திப் புகை, எண்ணெய் விளக்குகளின் புகை, பின்னாளில் குளிர்காயப் போட்ட உலைகளின் புகை, தூசி. அதைப் பார்க்கவா ரயிலேறிப் போனீர்கள்? கரியைத் துடைத்தால் பழமை போய்விட்டது என்று புலம்புவது உங்கள் ஒருவருடைய குணம் என்றால் விட்டுவிடுவேன். படித்தவர்கள், கலை விமர்சகர்கள் பலரும் இதைத்தான் சொன்னார்கள். 1970களில் மேற்குச் சன்னல்களைச் சுத்தம் செய்தபோதும் நீலம் செத்துவிட்டது என்று கூக்குரல் எழுந்தது. இருட்டில் கிடக்கும் கல்லைக் கண்டால் உடனே ஒரு பக்தி வந்துவிடுகிறது நமக்கு. கட்டியவன் இருட்டைக் கேட்கவே இல்லை என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

கருவறைப் பக்கம் மட்டும் சுத்தமாகி, மக்கள் அமரும் நீண்ட கூடம் இன்னும் கறுப்பாகவே இருந்த காலத்தில் நான் அங்கே போயிருக்கிறேன். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நின்றால் ஒரு பக்கம் மேற்கூரையின் விலா வளைவுகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும். மறுபக்கம் பாதித் தூணுக்கு மேல் கண்ணுக்கு ஒன்றும் அகப்படாது. சுத்தமான பக்கத்துச் சுவரை ஒட்டி நின்று ஒரு வெள்ளைக் கோட்டைக் கண்ணாலேயே தொடர்ந்தேன். அது கல்லும் கல்லும் சேரும் இணைப்பின் மேல் போகவில்லை. அடியிலிருக்கும் நிஜக் கற்கள் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. மேலே தூரிகைக்காரன் எல்லாக் கல்லும் ஒரே அளவு என்பதுபோல் கட்டம் போட்டிருக்கிறான். கோடு முடியும் இடத்தில் தூரிகையை எடுத்தபோது விழுந்த மெல்லிய வால்கூடத் தெரிந்தது. சாரத்தின் மேல் நின்று அந்தக் கோட்டை இழுத்தவனின் கை அசைவு அது. அதன்மேல் படிந்த கரியை வைத்துக்கொள்ள வேண்டும், கோட்டை இழக்க வேண்டும் என்கிறவர்களோடு எனக்குச் சமாதானம் கிடையாது.

எதிர்த்தரப்பில் ஒரு வாதம் மட்டும் பதில் சொல்லத் தக்கது. சுவர் கறுப்பாக இருந்தால்தான் கண்ணாடியின் நீலமும் சிவப்பும் எரியும், வெளுத்த சுவர் அதை அடக்கிவிடுகிறது என்பது. இதற்கு உங்கள் துணைவியாரே பதில் சொல்லிவிட்டார். சிவப்பு வெளிச்சம் தூணுக்குத் தூண் நகர்ந்ததை அவர் பார்த்திருக்கிறார். கரி பிடித்த தூணில் அந்தச் சிவப்பு விழுந்தால் தெரிந்திருக்குமா? கரி அதைக் குடித்துவிடும். ஒளியை ஏந்திக்கொள்ளத்தான் சுவரை வெளிர் நிறத்தில் வைத்தார்கள் என்று நான் நம்புகிறேன். சுமார் 2,600 சதுர மீட்டர் வண்ணக்கண்ணாடி அங்கே இருக்கிறது. அத்தனை கண்ணாடியைப் பதித்தவர்கள் அதன் வெளிச்சம் எங்கே போய் விழும் என்று யோசிக்காமலா இருந்திருப்பார்கள்? நீங்கள் முந்நூறு படம் எடுத்த நேரத்தில் அவர் வெயிலின் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் வந்து அதைப் பார்த்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் சீரமைப்பாளர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. உள்ளே தூண்மேல் ஒரு மாதா உண்டு, 16ஆம் நூற்றாண்டு மரச்சிலை. முகம் கறுத்துப்போய், கறுப்பு மாதா என்றே பல தலைமுறைகள் அவளை வணங்கின. அவளையும் துலக்கி வெளிர்முகமாக வண்ணம் தீட்டிவிட்டார்கள். சுவருக்குச் சொன்ன நியாயம் அவளுக்கும் பொருந்தாதா என்று கேட்பீர்கள். பொருந்தாது. சுவர் முன்னால் யாரும் மண்டியிட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அழவில்லை. அந்தக் கறுத்த முகத்தைப் பார்த்து அழுதவர்கள் மறுபடி வந்தபோது, பழகிய முகம் அங்கே இல்லை. அவர்களைக் கேட்டிருக்க வேண்டும்.

ஊரில் ஒன்றுமில்லை என்றீர்கள். கோயிலுக்குக் கீழே ஏர் ஆற்றங்கரையில் பழைய துணி துவைக்கும் துறைகள் இருக்கின்றன. கல்லறைத் தோட்டத்தைப் பெருக்கிய ரேமோன் இசிதோர் என்ற எளிய மனிதர் உடைந்த பீங்கான் துண்டுகளைப் பொறுக்கிவந்து, தன் வீட்டுச் சுவர், தரை, கட்டில் என்று எல்லாவற்றிலும் பதித்த வீடு இருக்கிறது. 1940இல் இங்கே மாவட்ட நிர்வாகியாக இருந்தவர் ழான் மூலான். குண்டுவீச்சில் செத்த பொதுமக்களைப் பிரெஞ்சுப் படையிலிருந்த செனகல் வீரர்கள் கொன்றார்கள் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடச் சொல்லி ஜெர்மானியர் அவரை அடித்தார்கள். அவர் போடவில்லை. இன்னொரு நாள் அடித்தால் போட்டுவிடுவோமோ என்று அஞ்சி, அடைத்திருந்த அறையின் தரையில் கிடந்த கண்ணாடித் துண்டால் கழுத்தை அறுத்துக்கொண்டார். பிழைத்து, பின்னால் எதிர்ப்பு இயக்கத்தை ஒன்றுதிரட்டினார். அந்த ஊரில் பெரிதாக ஒன்றுமில்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

மே மாதம் ஷார்த்ருக்கே போங்கள். பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து காலை ரயில், வெயில் அடிக்கும் வெள்ளிக்கிழமையாகப் பாருங்கள். கைபேசியை மகளிடம் கொடுத்துவிட்டு ஒரு பைனாகுலர் எடுத்துப்போங்கள். மேற்கு வாசல் வழியே நுழைந்து வலதுபக்கச் சன்னல் வரிசையில் பைபிள் கதையில் வரும் நல்ல சமாரியனைத் தேடுங்கள். அடிக்கட்டங்களில் செருப்புத் தைப்பவர்கள் உட்கார்ந்து வேலை செய்வார்கள். அந்தச் சன்னல் அவர்கள் தந்த காணிக்கை என்பது வழிவழியாகச் சொல்வது. அதை மறுக்கும் ஆய்வாளர்களும் உண்டு. அங்கிருந்து கண்ணை மேலே ஏற்றுங்கள். கள்வரிடம் அடிபட்டு எரிகோ சாலையில் கிடப்பவன் வருவான். அவனுக்கும் மேலே ஆதாமும் ஏவாளும் தோட்டத்தை விட்டுத் துரத்தப்படுவார்கள். அதே வரிசையில் மகதலேனா மரியாளின் சன்னலில் தண்ணீர் சுமப்பவர்கள் இருப்பார்கள். இந்த இரண்டு மட்டும் போதும். மத்தியானம் அம்மாவை அவர் சொல்லும் இடத்தில் உட்காரவைத்து, நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். சாயங்காலம் மேற்குச் சன்னல்கள் மூன்றிலும் வெயில் ஏறும்வரை எழுந்திருக்காதீர்கள். ரூவானை அடுத்த பயணத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்