தொழிற்சாலை நிலத்தைச் சோதிக்கும் வேலை: கேள்வி பதில்

பதினேழு வருஷமாக ஓசூர், ராணிப்பேட்டை, ஒரகடம் என்று அடுத்தவர் வாங்கப் போகிற இடங்களில், மண்ணிலும் தண்ணீரிலும் மாசு இருக்கிறதா என்று பார்த்துச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் “சம்பளம் எவ்வளவு?” அதை உங்களை எடுக்கப் போகிற கம்பெனியிடமே கேளுங்கள். மற்றவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இங்கே.

அக்கா, எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் முடித்துச் சேர்ந்திருக்கிறேன். முதல் வேலையே ‘ஃபேஸ் ஒன்’ என்கிறார்கள். மண் தோண்டணுமா?

தோண்டக் கூடாது. தோண்டிச் சோதிப்பது அடுத்த கட்டமான ஃபேஸ் டூ. அமெரிக்காவில் 1980-இல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டப்படி, பழைய முதலாளி கொட்டிய விஷத்துக்கும் இன்றைய உரிமையாளர் பொறுப்பாக நேரிடலாம். அதனால் வாங்குவதற்கு முன்பே விசாரிக்கும் வழக்கம் வந்தது. ஃபேஸ் ஒன் என்கிற அந்த விசாரணைக்கு, ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு வகுத்த வரைமுறைதான் இ1527-21. பழைய ஆவணம், இடத்தைச் சுற்றிப் பார்ப்பது, ஆட்களிடம் விசாரிப்பது, அறிக்கை எழுதுவது, இவ்வளவுதான் வேலை. நம் ஊரில் நிலம் வாங்குகிற எல்லோரும் இதைச் செய்தாக வேண்டும் என்று சட்டமில்லை. வெளிநாட்டுக் கம்பெனியும் முதலீட்டாளரும் கேட்பதால் நடக்கிறது.

அமெரிக்காவில், எந்தக் கட்டடத்தில் என்ன இருந்தது என்று காட்டும் நூறு வருஷத்து தீக்காப்பீட்டு வரைபடம்கூடக் கிடைக்கும். இங்கே ‘அ’ பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), வில்லங்கச் சான்று, சர்வே ஆஃப் இந்தியா வரைபடம், கூகுள் எர்த்தின் பழைய படங்கள், இவற்றைக் கோத்துத்தான் கதையைக் கண்டுபிடிக்கணும். பதிவேட்டில் ‘புஞ்செய்’ என்று சாதுவாக இருக்கும். எதிர்த்தாற்போல டீக்கடைக்காரர், “அங்க பத்து வருஷம் முலாம் பூசுற பட்டறை ஓடுச்சேம்மா” என்பார். முதலில் டீ குடி, பிறகு தாலுகா ஆபீஸ் போ.

தண்ணீர் சாம்பிள் எடுப்பதில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு எது, மேடம்?

நான் செய்ததையே சொல்கிறேன். முதல் வருஷம், தோல் தொழில் பகுதி ஒன்றில் கிணற்றுத் தண்ணீர் எடுத்தேன். உலோகச் சோதனைக்கு நைட்ரிக் அமிலம் விடணும் என்று படித்திருந்ததால் எல்லா பாட்டிலிலும் விட்டுவிட்டேன், ‘குரோமியம் ஆறு’ என்கிற, குரோமியத்தின் நச்சு வடிவத்தைப் பார்க்க வேண்டிய பாட்டில் உட்பட. அமிலத்தில் குரோமியம் ஆறு, நச்சு குறைந்த ‘குரோமியம் மூன்று’ வடிவமாக எளிதில் மாறிவிடும். மஞ்சளாக வந்த தண்ணீருக்கு லேப், ‘கண்டறியப்படவில்லை’ என்று ரிப்போர்ட் கொடுத்தது. தப்பு லேபுடையது இல்லை, என்னுடையது. திரும்பப் போய் எடுத்தோம்.

குரோமியம் ஆறு பார்க்கிற சாம்பிளைத் தனியாக, அமிலம் விடாமல், குளிர்வித்து 24 மணி நேரத்துக்குள் சோதிக்கணும். ஆகவே சனிக்கிழமை மாலை எடுக்காதீர்கள், ஞாயிறு லேபில் ஆள் இருக்காது. இன்னொன்று: பம்பைப் போட்டதும் பாட்டிலை நீட்டக் கூடாது. நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் போகாமல் மெதுவாக இழுத்து, பிஎச், மின்கடத்துதிறன் எல்லாம் அடுத்தடுத்து மூன்று அளவீட்டில் நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் நிரப்பணும். அந்த எண்களை அங்கேயே நோட்டில் எழுதிவிடுங்கள். ரூமுக்கு வந்து எழுதும் நோட்டில் எல்லாமே அழகாக நிலைத்திருக்கும்.

மேனேஜர் என் அறிக்கையிலிருந்து ‘மாசு இருக்க வாய்ப்பு’ என்ற வரியை எடுக்கச் சொல்கிறார். என்ன செய்ய?

பார்த்தது வேறு, ஊகித்தது வேறு. “ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் சுமார் இரண்டு மீட்டர் அகலத்துக்கு எண்ணெய்க் கறை, தரையில் விரிசல்” என்பது பார்த்தது. அதைப் படத்தோடு எழுது, யார் சொன்னாலும் எடுக்காதே. அதிலிருந்து வரும் முடிவைப் பற்றி மேனேஜர் வாதாடலாம், அவர் அனுபவம் பெரிது. பல நேரம் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

பார்க்காததையும் எழுதணும். ஒரு சைட்டில் பூட்டியிருந்த ஷெட்டைக் காவலாளி, “காலி ரூம்தாம்மா” என்றார். சாவிக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கச் சோம்பல்பட்டு, ‘காலி’ என்றே எழுதினேன். வாங்கியவர்கள் திறந்தபோது உள்ளே கழிவுக் கரைப்பான் பேரல்கள். ‘பூட்டியிருந்தது, பார்க்க முடியவில்லை’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவர்களே திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். மேனேஜரைவிட என்னை நானே ஏமாற்றிக்கொண்டதுதான் அதிகம்.

நாபெட் (ஆலோசகர்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரத்தோடு இஐஏ (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு) பக்கம் போகலாமா, சைட் ஆய்விலேயே இருக்கலாமா?

இஐஏ இனி வரப்போகிற திட்டத்தைப் பார்ப்பது, 2006 அறிவிக்கை அதன் அடிப்படை. நாபெட்டில் பன்னிரண்டு துறைப் பிரிவுகளில் ஒன்றில் நிபுணராகி ஒருங்கிணைப்பாளராக உயரலாம், படிக்கட்டு தெளிவாக இருக்கும். நம் வேலை ஏற்கெனவே நடந்ததைத் துப்பறிவது. நிலநீரியல் பிடிக்கும் என்றால் இங்கே இரு.

2025 விதிகளால் வேலை கூடுமா?

மாசடைந்த இடங்களுக்கான விதிகள் 2025 ஜூலையில் வந்தன. சந்தேகப்படும் இடத்தைக் கண்டறிந்து, சோதித்து, மாசுபடுத்தியவரிடம் செலவை வாங்கும் நடைமுறை அதில் இருக்கிறது. கூடும் என்றுதான் நினைக்கிறேன், உடனே இல்லை. ராணிப்பேட்டை குரோமியக் கழிவு பல ஆண்டுகளாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்தவளுக்கு அவ்வளவு அவசரம் வராது.

அதற்குள், எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்று கணக்கிடப் பழகுங்கள். கொடைக்கானலில் 2001-இல் மூடிய தெர்மாமீட்டர் ஆலையின் பாதரச மண்ணுக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று இலக்கு வைத்தார்கள். பாம்பார் சோலை ஓரத்தில் இருக்கிற நிலத்துக்கு அது போதாது என்று எதிர்த்தார்கள். சண்டை அந்த ஒரு எண்ணில்தான். அதை இரு தரப்புக்கும் விளக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் ரொம்பக் குறைவு.

அக்கா, பெண்கள் சைட்டுக்குப் போவது…?

கழிப்பறைதான் முதல் பிரச்சினை. காலையிலேயே எங்கே இருக்கிறது என்று கிளையண்ட்டிடம் வெளிப்படையாகக் கேள், வெட்கப்படாதே. தண்ணீர் குடிக்காமல் நாளை ஓட்டாதே, மே மாத ராணிப்பேட்டையில் மயங்கி விழுவாய். துளையிடும் வண்டிக்காரர்கள் முதல் நாள் உன் பேச்சைக் கேட்க மாட்டார்கள். களிமண்ணையும் வண்டலையும் கையில் உருட்டிப் பார்த்து நீ சரியாகச் சொன்னால் இரண்டாம் நாள் கேட்பார்கள்.

சேஃப்டி ஷூ கம்பெனியே தருமா?

தரும், ஆம்பளை அளவில். சொந்தமாக வாங்கிவிடு, பில்லைப் பத்திரமாக வை.